சாவு விளம்பரம் படிக்கிறவன்

காலையில கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுட்டு, தென்னைக்குத் தண்ணி பாயுற நேரத்துல டீக்கடைக்கு நடந்துடுவேன். வீராம்பட்டினத்துல அந்த நேரத்துக்குக் கடையில ரெண்டு விதமான ஆளுங்க இருப்பாங்க. ராத்திரியே கடலுக்குப் போய்க் கரை திரும்பினவங்க, அப்புறம் என்னை மாதிரி தோட்டம் தொரவு வச்சிருக்கற ரெண்டு மூணு பேர். பேப்பர் அங்க முழுசா யார் கைக்கும் கிடைக்காது. தாள் தாளா பிரிஞ்சு ஆளுக்கு ஒண்ணா போயிடும். மீன்காரர் ஒருத்தர் வானிலையைப் பார்ப்பார், பையன்கள் கிரிக்கெட்டு, பெருசுங்க அரசியல். எனக்குன்னு ஒரு தாள் தனியா மடிச்சு வச்சிருப்பார் கடைக்காரர். காலமானார் விளம்பரம் வர்ற தாள்.

இந்தப் பழக்கத்துக்கு நான் வீட்டுல வாங்குற பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "விடிஞ்சதும் விடியாததுமா செத்தவங்க கணக்கா?" என்பாள் வீட்டுக்காரி. பட்டணத்துல இருக்கற என் தம்பி மகன் ஒருநாள் இதைப் பார்த்துட்டு, "பெரியப்பா, இது ஒரு மாதிரி டிப்ரஷன்" என்று சொல்லிட்டுப் போனான். இல்லடா தம்பி. சாவைப் பத்திப் படிக்கறதுக்கு நான் அந்தத் தாளை எடுக்கறதே இல்ல. செத்தவரைப் பத்தி அதுல இருக்கறது ஒரு போட்டோ, தோற்றம் – மறைவுன்னு ரெண்டு தேதி. அவ்வளவுதான். மீதியெல்லாம் உயிரோட இருக்கறவங்களைப் பத்தினது. மனைவி யார், மகன்கள் யார், எந்த ஊர்ல சம்பந்தம் பண்ணியிருக்காங்க, மருமகப்பிள்ளை என்ன வேலை, பேரன் எந்த நாட்டுல இருக்கான். ஒரு குடும்பத்தோட வேர், கிளை, விழுது எல்லாம் நாலு விரக்கடை அகலத்துல இருக்கும்.

கொஞ்ச நாள் படிச்சுப் பழகிட்டா போட்டோவைக் கையால மறைச்சுக்கிட்டே வீட்டைச் சொல்லிடலாம். 'சிவலோகப் பதவி அடைந்தார்' என்றால் ஒரு வீடு. 'வைகுண்டப் பதவி', 'ஆச்சாரியன் திருவடி' என்றால் இன்னொரு வீடு. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதும் 'வஃபாத்தானார்' என்பதும் உங்களுக்கே தெரியும். 'இயற்கை எய்தினார்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கருப்புச் சட்டையோ கழகமோ அந்த வீட்டுக்குள்ள புழங்கியிருக்கும். சாமி கும்பிடாதவங்க எமனுக்கும் பேர் வைக்காம இயற்கைன்னு சொல்லிட்டாங்க. 'இறைவனடி சேர்ந்தார்' பொது. யாருக்கும் சண்டை வராது.

எங்க புதுச்சேரி விளம்பரத்துக்குன்னு ஒரு தனி வாசனை உண்டு. கடைசி வரிகள்ல பாரிஸ் வரும். சில சமயம் ரியூனியன் தீவு வரும். எப்படின்னு சென்னைக்காரங்க கேட்பாங்க. பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சியை ஒப்படைச்சுட்டான். ஆனா காகிதத்துல முழுசா இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்னையிலிருந்து ஆறு மாசம் டயம். பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னு நினைச்சவங்க எழுதிக் கொடுத்துடணும். எழுதிக் கொடுத்தவங்க வாரிசு ஒருபக்கம் போச்சு, கொடுக்காதவங்க வாரிசு ஒருபக்கம் போச்சு. ஒரே வயித்துல பிறந்த அண்ணன் தம்பில ஒருத்தர் சொல்தா பென்ஷன் வாங்கிக்கிட்டு இருந்திருப்பார், இன்னொருத்தர் மாடு மேய்ச்சிருப்பார். (சொல்தான்னா பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். எங்க ஊர்ப்பக்கம் இன்னைக்கும் அப்படித்தான் சொல்றது.) அதுக்கும் முன்னாடி 1881-ல ஒரு பிரெஞ்சு ஆணை வந்துது. நம்ம சாதி வழக்கம், சொந்தச் சட்டம் எல்லாத்தையும் விட்டுட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படறேன்னு எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பேரையும் வச்சுக்கலாம். அப்படி வச்சுக்கிட்ட பேர்தான் இன்னைக்கும் சில விளம்பரத்துல தமிழ்ப் பேருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு வரும். ஒரு மரண அறிவிப்புல இவ்வளவு சரித்திரம் கிடக்கு. இதைப் படிக்கறவனுக்கு டிப்ரஷனாம்.

நம்மாளுங்களுக்கு இந்தப் புத்தி இன்னைக்கு நேத்து வந்ததில்லை. சங்க காலத்துல மன்னன் செத்தா புலவர் பாடற பாட்டுக்குக் கையறுநிலைன்னே ஒரு துறை வச்சிருந்தாங்க. பாரி செத்ததும் கபிலர் பாடினதையெல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டு, பேரையும் அவன் செஞ்சதையும் அதுல வெட்டினாங்க. இதே புதுச்சேரியில துய்ப்ளேக்ஸ் கவர்னருக்கு துபாஷா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரே, அதுல கப்பல் வந்தது போனது, சண்டை சமாதானத்துக்கு நடுவுல யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சாவுன்னும் குறிச்சு வச்சிருக்கார்.

ஆனா இந்தக் கலையில நம்மளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவங்க இலங்கைத் தமிழர்கள். எங்கப்பா இலங்கை வானொலிப் பைத்தியம். பாட்டுக்காகத்தான் வைப்பார். நடுவுல மரண அறிவித்தல் வந்துடும். ஸ்டேஷனை மாத்த மாட்டார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று ஆரம்பிக்கும். அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் தம்பதியரின் கனிஷ்ட புதல்வியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னார் இன்னாரின் பேத்தியாரும்... ஆவார் என்று முடியறதுக்குள்ள ஒரு மரத்தையே வரைஞ்சு காட்டிடுவாங்க. எங்களுக்கு அங்க யாரையும் தெரியாது. இருந்தாலும் அப்பா தலையை ஆட்டிக்கிட்டே கேட்பார். 1983-க்கு அப்புறம் ஜனம் உலகம் பூரா சிதறிப்போச்சு. பிறப்பிடம் யாழ்ப்பாணத்துல ஒரு கிராமம், வதிவிடம் கனடாவுல ஒரு நகரம், மகன் லண்டன், மகள் நார்வேன்னு அறிவித்தல் நீண்டுகிட்டே போச்சு. அதுக்குன்னே இணையதளங்கள் வந்துடுச்சு. முப்பத்தோராம் நாள்ல நினைவுமலர் அச்சடிச்சுக் கொடுக்கற வழக்கமும் அவங்ககிட்ட உண்டு. அதை அந்தக் காலத்துல கல்வெட்டுன்னே சொல்வாங்களாம். அந்த மலர்களை நூலகம்னு ஒரு இணையத் திட்டத்துல வருங்கி — மன்னிக்கணும், ஸ்கேன் பண்ணி — சேர்த்து வச்சிருக்காங்க. ஊரே போனப்புறம் ஊர் யார் யாரால ஆனதுங்கறது அந்த மலர்கள்ல மிச்சமிருக்கு.

சேதி சொல்றதுக்குப் பேப்பர் வந்தது எவ்வளவு நல்லதுன்னும் சொல்லணும். பழைய காலம் பொற்காலம்னு எழுதற ஆள் நான் இல்ல. அந்தக் காலத்துல சாவு சொல்ல வெயில்லயும் மழையிலயும் ஊர் ஊரா நடந்தது யாரு? சேரிக்காரர்தான். அது கூலி வேலையாக்கூட இல்ல. நீ இன்ன சாதியில பிறந்ததால எங்க வீட்டுச் சாவை நீ போய்ச் சொல்லணும்னு வச்ச கட்டளை. போற இடத்துல திண்ணையில ஏற விட மாட்டாங்க. தெருவுல நின்னு சொல்லிட்டு, கொடுத்ததை வாங்கிக்கிட்டுத் திரும்பணும். தபாலும் போனும் பேப்பரும் வந்து அந்தக் கொடுமையை அவங்க தோள்லேர்ந்து இறக்கிச்சு. அதுக்காகவே பேப்பருக்கு ஒரு கும்பிடு.

ஆனா அந்த நடந்துபோய்ச் சொல்ற வழக்கத்துல ஒரு கட்டாயம் இருந்தது. யார் யாருக்குச் சொல்லணும்னு பெரியவங்க உட்கார்ந்து பட்டியல் போட்டே ஆகணும். பங்காளி, மாமன் மச்சான், பொண்ணு கொடுத்த வீடு, பொண்ணு எடுத்த வீடு. ஒருத்தரை விட்டுட்டா அடுத்த நல்லது கெட்டதுல அந்தக் கேள்வி வரும். "எனக்கு ஏன் சாவு சொல்லல?" இதுக்குப் பதில் சொல்ல முடியாம முறிஞ்ச உறவுகள் எங்க பக்கம் நிறைய. பேப்பர் விளம்பரம் வந்ததும் அந்தப் பட்டியல் அச்சுக்கு ஏறிடுச்சு. இதுல பேர் இருந்தா நீ சொந்தம். இல்லைன்னா இல்ல.

இனி நான் சொல்லப்போறது எங்க வீட்டுக் கதை. பல வருஷமா எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு வச்சிருந்தது. சம்பந்தப்பட்ட பெரியவங்க யாரும் இப்ப இல்லாததால எழுதறேன்.

எங்கப்பாவுக்கு மூணு தங்கச்சி. பெரிய அத்தையும் நடு அத்தையும் சொந்தத்துலயே கட்டிக்கொடுத்தவங்க. சின்ன அத்தை 1979-ல தானா ஒருத்தரைக் கட்டிக்கிட்டு கடலூர் போயிட்டாங்க. அவர் வேற ஆளுங்க. தாத்தா அன்னைக்கே தலை முழுகிட்டார். தலை முழுகறதுன்னா வாய்ச் சொல்லுக்கு இல்ல, நெசமாவே கிணத்தடிக்குப் போய் தலையில தண்ணி ஊத்திக்கிட்டார். எனக்கு அப்ப ஏழு வயசு. அத்தை எங்கேன்னு கேட்டதுக்குப் பாட்டி வாயைப் பொத்தினது மட்டும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை சின்ன அத்தையைப் பார்த்திருக்கேன். எங்க ஊர் செங்கழுநீர் அம்மன் தேரு ஆடி அஞ்சாம் வெள்ளி. பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடிச்ச தேர், இன்னைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கற தேர். அன்னைக்கு வீராம்பட்டினத்துல பொறந்த பொண்ணுங்க எங்க வாக்கப்பட்டிருந்தாலும் வந்துடுவாங்க. எனக்குப் பத்து வயசிருக்கும். கூட்டத்துல ஒரு கைக்குழந்தையோட தள்ளி நின்னுக்கிட்டு சின்ன அத்தை என்னையே பார்த்தாங்க. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தேரைப் பார்த்துக்கிட்டிருந்தார். அத்தை நிக்கற பக்கம் மட்டும் அவர் முகம் திரும்பல.

1986-ல தாத்தா செத்தார். எங்க குடும்பத்துல பேப்பர்ல வந்த முதல் விளம்பரம் அவருக்குத்தான். கட்டம் கட்டி, தலைப்பாகையோட போட்டோ போட்டு வந்தது. மகன், மருமகள், மகள்கள் ரெண்டு பேர், மருமகன்கள் ரெண்டு பேர், பேரன் பேத்திகள். என் பேரும் அதுல இருந்தது. அச்சுல என் பேரை அப்பதான் முதல்ல பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டினேன், வெக்கமா இருக்கு இப்ப நினைச்சா. மகள்கள் எத்தனை பேர்னு எண்ணத் தோணல.

அப்புறம் வருஷங்கள் ஓடிப்போச்சு. 2013-ல ஒருநாள் காலையில இதே டீக்கடை, இதே தாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலின்னு ஒரு சின்னக் கட்டம். கடலூர். ஒரு அம்மா போட்டோ. பேரைப் படிக்கறதுக்கு முன்னாடியே கை நின்னுடுச்சு. தாடை அப்படியே எங்கப்பா தாடை. எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அந்தக் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால வரும், எனக்கும் உண்டு. கீழே கணவர், மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். பிறந்த வீட்டுப் பேர் எதுவும் இல்ல. எப்படி இருக்கும்? நாம போட்டோமா என்ன.

செத்து ஒரு வருஷம் ஆகியிருக்கு. எங்க ஊர்லேர்ந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்துல இருக்கற கடலூர். தேங்கா லோடு ஏத்திக்கிட்டு நானே எத்தனை தடவை அந்த வழியா போயிருப்பேன்.

தாளைக் கேட்டு வாங்கிட்டு வந்து அப்பாகிட்ட கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். மடிச்சார். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். ராத்திரி சாப்பிடல. மூணாம் நாள் காலையில என்னைக் கூப்பிட்டு, "ஒரு புடவை எடுக்கணும், புதுச்சேரிக்குப் போலாம்"னார். எதுக்குன்னு நான் கேட்கல.

நகரத்துல இருக்கற சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரியாம இருக்கலாம். ஒரு பொம்பள செத்தா பொறந்த வீட்டுலேர்ந்து கோடித்துணி வரணும். அந்தப் புடவையைப் போர்த்தித்தான் எடுப்பாங்க. அவ எவ்வளவு வசதியா வாழ்ந்திருந்தாலும் சரி, அண்ணனோ தம்பியோ கொண்டுவர்ற அந்தக் கோடி வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. அது வரலைன்னா அவளுக்கு ஆளில்லைன்னு அர்த்தம். சின்ன அத்தைக்கு அது வரல.

ஒரு வருஷம் தள்ளி அந்தக் கோடியை எடுத்துக்கிட்டு அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில். அப்பா ஜன்னலுக்கு வெளியவே பார்த்துக்கிட்டு வந்தார். விளம்பரத்துல இருந்த தெருப் பேரை வச்சு வீட்டைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகல. அத்தை மகன் கதவைத் திறந்தான். எங்களை யாருன்னு அவன் கேட்கவே இல்ல. அப்பா முகத்தைப் பார்த்தான், உள்ள போய் நாற்காலி எடுத்துட்டு வந்தான். தாடைதான் சொல்லியிருக்கும்.

புடவையை போட்டோவுக்கு முன்னால வச்சுட்டு அப்பா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அழல. அத்தை வீட்டுக்காரர், வயசானவர், காபி கொடுக்கச் சொன்னார். அப்புறம் அத்தை மகன் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டாந்தான். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் போட்டு வச்சிருக்கற கவர். அதுக்குள்ளேர்ந்து பழுப்பேறின ஒரு பேப்பர் துண்டை எடுத்தான். தலைப்பாகை கட்டின எங்க தாத்தா. 1986.

"அம்மாவுக்குத் தாத்தா செத்ததே இதுலதான் மாமா தெரிஞ்சுது. அப்பா கடைக்கு வாங்குன பேப்பர்ல வந்திருந்தது. அம்மா கிளம்பினாங்க. இதை இன்னொரு தடவை படிச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க."

தன் பேர் இல்லாத அந்தத் துண்டை இருபத்தாறு வருஷம் எதுக்குப் பத்திரமா வச்சிருந்தாங்கன்னு கேட்க எனக்கு வாய் வரல. அதுல என் பேர் இருந்தது.

இந்த அனுபவத்துக்கு அப்புறம் நான் விளம்பரம் படிக்கற விதமே மாறிடுச்சு. முன்னெல்லாம் யார் பேர் இருக்குன்னு படிச்சேன். இப்ப யார் பேர் இல்லைன்னு படிக்கறேன். மகன்கள் பேருக்குப் பக்கத்துல படிப்பு, பதவி, ஊர் எல்லாம் இருக்கும். மகள்கள்னு வர்ற இடத்துல பேரே இல்லாம மருமகன்கள் பேர் மட்டும் வரிசையா நிக்கும். அம்மாவுக்குப் போடற விளம்பரத்துலகூட, 'இன்னாரின் மனைவி'ன்னு பெரிய எழுத்துல போட்டு அந்தம்மா பேரைத் தேட வச்சிருப்பாங்க. விவாகரத்து ஆன மருமகள் வரமாட்டா, அவ பெத்த பேரன் மட்டும் வருவான். கலப்புக் கல்யாணம் பண்ணின பிள்ளை எங்க வீட்டு அத்தை மாதிரி காணாமப் போயிருக்கும். தனியா வாழ்ந்த சித்தப்பா ஒருத்தர் செத்தா 'உறவினர்கள்'னு ஒரே சொல்லோட முடிஞ்சுடும்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல நியூயார்க் டைம்ஸ்னு பெரிய பத்திரிகை, 1851-லிருந்து வருது. அவங்களே 2018 மார்ச்சுல உட்கார்ந்து திரும்பிப் பார்த்திருக்காங்க. இத்தனை வருஷமா நாம எழுதின மரணக் கட்டுரைகள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆம்பளைங்களுக்குத்தான்னு ஒத்துக்கிட்டு, விட்டுப்போன பதினஞ்சு பெண்களுக்கு முதல் தவணையா எழுதினாங்க. அதுல நம்ம இந்தி நடிகை மதுபாலாவும் ஒருத்தர். 1969-ல செத்தவருக்கு 2018-ல இரங்கல். நாற்பத்தொன்பது வருஷம் தாமதம். அதைப் படிச்சப்ப எங்கப்பா எடுத்த புடவைதான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்னொரு விஷயமும் இந்தத் தாள்ல கவனிக்கறேன். காலமானார் விளம்பரம் வந்து அஞ்சாறு மாசத்துல, அதே குடும்பத்துப் பேர் வக்கீல் மூலமா கொடுக்கற பொது அறிவிப்புல வரும். இன்ன சர்வே நம்பர் நிலம், இன்னார் காலமாகிவிட்டபடியால், அவருடைய வாரிசுகள் இன்னார் இன்னார் மட்டுமே என்று. இந்த 'மட்டுமே'வை நல்லா கவனிங்க. அழுகை விளம்பரத்துல நாலு மகள்களும் பிரிவால் வாடியிருப்பாங்க. நில விளம்பரத்துல ரெண்டு மகன்கள் மட்டுமே. 2005-ல இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்துல மகனுக்கு என்ன உண்டோ அது மகளுக்கும் உண்டுன்னு சொல்லியாச்சு. தமிழ்நாடு 1989-லயே தனியா திருத்தம் கொண்டுவந்தது. சட்டம் வந்துடுச்சு, விடுதலைப் பத்திரத்துல தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்கறதும் நிக்கல. "சீர் செஞ்சாச்சு இல்ல, அப்புறம் என்ன?" நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. எங்க தோப்பு அப்பா பேருக்கு மாறினப்ப மூணு அத்தைகள்ல ரெண்டு பேர்கிட்டதான் கையெழுத்து வாங்கினாங்க. மூணாமவங்கதான் விளம்பரத்துலயே இல்லையே. அந்தத் தேங்காயை வித்துத்தான் நான் படிச்சேன், சாப்பிட்டேன்.

இதையெல்லாம் எதுக்கு எழுதறேன்னா, உங்கள்ல நிறைய பேர் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கீங்க. வீட்டுல ஒரு சாவுன்னா விளம்பரம் எழுதற வேலை உங்க தலையில வந்து விழும், படிச்ச பிள்ளை நீ எழுதுன்னு. துக்கத்துல, அவசரத்துல, யாரோ சொல்லச் சொல்ல எழுதிடுவீங்க. வாட்ஸ்ஆப்ல ஏற்கெனவே வந்த ஒண்ணை எடுத்துப் பேரை மட்டும் மாத்தற ஆளுங்களையும் பார்க்கறேன். ஃபிளெக்ஸ் பேனர்ல இமயம் சரிஞ்சது, சகாப்தம் முடிஞ்சதுன்னு எழுதற இடத்துக்குக் குறைச்சலே இல்ல. அதுல ஒரு வரியைக் குறைச்சுட்டு பொண்ணுங்க பேரைப் போடலாம். பேசாத தம்பி பேரைப் போடலாம். அவன் பேசாட்டி என்ன, அந்த வயித்துல பொறந்தவன்தானே. போட மாட்டேன்னு சொல்ற பெரியவர் ஒருத்தர் நடுக்கூடத்துல இருக்கத்தான் செய்வார். அவர்கிட்ட அன்னைக்குச் சண்டை போடறது அசிங்கம்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணும். ஆனா அந்தப் பேப்பர் ஒரு நாளைக்குத்தான் பேப்பர். அப்புறம் அது யாரோ ஒருத்தர் ரேஷன் கார்டு கவர்ல இருக்கப் போவுது.

2021 ஏப்ரல், மே மாசத்துல குஜராத்திப் பத்திரிகைகள்ல காலமானார் பக்கம் பக்கம் பக்கமா பெருகினதைப் பார்த்துத்தான், அரசாங்கம் சொல்ற கொரோனா சாவுக் கணக்கு சரியான்னு எல்லாரும் கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க. அங்கெல்லாம் குடும்பங்கள் வழக்கம் தப்பாம விளம்பரம் கொடுத்திருக்கு, அதனால அது ஒரு சாட்சியா நின்னது. நாம எழுதற நாலு வரியையும் யாரோ ஒருநாள் சாட்சியா எடுத்துப் படிப்பாங்கன்னு எழுதறவனுக்கு நினைப்பு இருக்கணும்.

எங்கப்பா 2019-ல செத்தார். விளம்பரத்தை நான்தான் எழுதினேன். ராத்திரி பதினோரு மணி, திண்ணையில உட்கார்ந்து நோட்டுல எழுதறேன். பெரிய அத்தை, நடு அத்தை, காலஞ்சென்ற சின்ன அத்தை, மூணு பேருக்கும் பேர் போட்டேன். சின்ன அத்தை வீட்டுக்காரர் பேர், அவங்க மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்தாங்க. என் தங்கச்சி பேரை அவ வீட்டுக்காரர் பேருக்கு முன்னாடி போட்டேன். எங்கம்மா பேரை முழுசா, முதலெழுத்தோட. பங்காளி ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டு, "இது என்னடா புதுசா?"ன்னார். "பழசுதான் மாமா, விட்டுப்போயிருந்தது"ன்னேன். அதுக்கு மேல அவர் பேசல. விளம்பர ஏஜென்ட் போன்ல, "சார், சைஸ் பெருசாகுது, ரேட் ஏறும், பேரன் பேத்திகளைக் குறைச்சுக்கலாமா?"ன்னார். அந்த மாசம் தேங்காய் விலை சுமாராத்தான் இருந்தது. குறைக்க வேணாம்னுட்டேன்.

மறுநாள் மத்தியானம், எடுக்கறதுக்கு முன்னாடி கடலூர்லேர்ந்து ஒரு வேன் வந்து நின்னது. அத்தை மகன் குடும்பம், அவன் தங்கச்சி குடும்பம், பதினோரு பேர். மாலை, கோடி வேட்டி எல்லாம் எடுத்துட்டு வந்திருந்தாங்க. பேப்பரையும்தான். ஏன்னா அத்தை பேத்தி பேர்ல ஒரு எழுத்தை அச்சுல தப்பா போட்டுட்டாங்க. அவளுக்கு அப்ப எட்டு வயசு. வந்து இறங்கினதும் இறங்காததுமா அந்தத் தாளை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "மாமா, என் பேர்ல 'ஷ' வரும், 'ச' இல்ல"ன்னா. இப்ப அவ பெரிய பொண்ணு. ஒவ்வொரு ஆடித்தேருக்கும் வர்றா. இன்னும் அதைச் சொல்லிக் காட்டாம போறதில்ல.